கரிய எழுத்து: அதன் தோற்றமும் பயனும்

ஒரு நாளேட்டின் பெயரை அதன் வாசகர் நாள்தோறும் காண்கிறார். ஆனால் நாள்தோறும் படிப்பதில்லை. பெயரின் உருவம் கண்ணிற் பட்டவுடனே இன்ன ஏடு என்று அறிந்து, செய்திக்குச் சென்றுவிடுகிறார். அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’, இங்கிலாந்தின் ‘டெய்லி டெலிகிராப்’, பிரான்சின் ‘லெ மோந்த்’, ஜெர்மனியின் ‘ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனெ’ ஆகியவை நான்கு நாடுகளில், மூன்று மொழிகளில் வெளிவரும் ஏடுகள். எனினும் நான்கின் முகப்புப் பெயரும் ஏறக்குறைய ஓரினத்து எழுத்தில் அமைந்துள்ளது. கோடுகள் தடித்துக் கருத்திருக்கும். வளைய வேண்டிய இடங்களில் ஒடிந்து நிற்கும். முனைகள் ஈட்டிபோற் கூர்ந்திருக்கும். முகப்பைக் கடந்து செய்திக்கு வந்தாலோ அவ்வெழுத்தைக் காண்பதற்கில்லை.

இவ்வெழுத்தை ஆங்கிலேயர் ‘பிளாக் லெட்டர்’, அதாவது ‘கரிய எழுத்து’ என்பர். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மக்கள் நாள்தோறும் படித்த எழுத்து இதுவே. இன்றோ எல்லாரும் அடையாளம் காணும் எழுத்தாகவும், சிலரே தடங்கலின்றிப் படிக்கும் எழுத்தாகவும் ஆகிவிட்டது. பக்கம் முழுவதையும் ஆண்ட எழுத்து பக்கத்தின் உச்சியில் மட்டும் தங்கிவிட்டதன் காரணம் என்ன? அம்மாற்றத்தால் மக்கள் இழந்தது யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்களின் பொருள்

இவ்வெழுத்துக்கு இரண்டு பெயர்கள் பெருவழக்காக உள்ளன. ‘கரிய எழுத்து’ என்பது பார்வையைக் கொண்டு இட்ட பெயர். இவ்வெழுத்தில் அச்சிட்ட பக்கத்தைக் கை நீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்தால், வெண்மை குறைந்து கருமை மிகுந்து தோன்றும். அதனாலேயே, இன்று நாம் காணும் சாதாரண ஆங்கில அச்செழுத்தை அக்காலத்து ஆங்கிலேயர் சிலர் ‘வெள்ளை எழுத்து’ என்று வழங்கினர்.

மற்றொரு பெயர் ‘கோதிக்’ என்பது. இது வசையாகப் பிறந்த பெயர். உரோமப் பேரரசைத் தாக்கிய கோத்தியர் என்னும் இனத்தாரை இத்தாலிய அறிஞர்கள் நாகரிகமற்றவர்களாகக் கருதினர். தங்களுக்குப் பிடிக்காத வடநாட்டுக் கட்டடக்கலையையும் எழுத்தையும் ‘கோத்தியருடையது’ என்று இகழ்ந்தனர். உண்மையில் கோத்திய இனத்தாருக்கும் இவ்வெழுத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எழுத்தின்மீது பிறர் ஏற்றிவைத்த பொய்ப் பொருள்களில் இதுவே முதலாவது. இதனினும் கொடிய ஒன்று பின்னர் வந்ததைக் காண்போம்.

இறகுப் பேனா வடித்த உருவம்

எழுத்தின் உருவத்தை எழுதுகருவி பெரிதும் வகுக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஆகவே ஓலையில் எழுதியவர்கள் வளைவுகளை விரும்பினர். ஐரோப்பாவிலோ பதப்படுத்திய விலங்குத் தோலின்மீது, முனை அகலமாக நறுக்கப்பட்ட பறவை இறகினால் எழுதினர். அகன்ற முனையைச் சாய்வாகப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் கோடு தடிக்கும். பக்கவாட்டில் மேலேற்றினால் மயிரிழைபோல் மெலியும். தடிப்பும் மெலிவும் அடுத்தடுத்து வருவது இக்கருவியின் இயல்பு.

ஏறத்தாழ 800ஆம் ஆண்டையொட்டி, மன்னர் சார்லமேன் ஆட்சியில், திருத்தமும் உருட்சியும் வாய்ந்த ஒரு கையெழுத்து முறை மேற்கு ஐரோப்பாவிற் பரவியது. இதனைக் கரோலிங்கிய எழுத்து என்பர். 12ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் பொலோனா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு போன்ற இடங்களிற் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தன; நூல்களின் தேவை பெருகியது. தோலின் விலையோ அதிகம். எனவே எழுத்தர்கள் ஒரு வரியில் அதிகச் சொற்களை அடக்க முற்பட்டனர். எழுத்துகள் ஒன்றையொன்று நெருங்கி ஒடுங்கின; பக்கவாட்டில் இடமில்லாததால் நெடிதுயர்ந்தன; ஒரே வீச்சில் வளைந்த கோடுகள் இரண்டு மூன்று குறுங்கோடுகளாக முறிந்தன. கரிய எழுத்தின் பிறப்பு இதுதான்.

இம்முறை முற்றிய நிலையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பல எழுத்துகள் ஒரேவகைச் செங்குத்துக் கோடுகளால் அமைந்துவிட்டன. ‘மினிமம்’ என்னும் இலத்தீன் சொல்லை எழுதினால் ஒரே மாதிரியான 15 கோடுகள் வேலிக்கம்பிகள்போல வரிசையாக நிற்கும். எது ‘எம்’, எது ‘என்’, எது ‘ஐ’ என்று பிரித்தறிவது கடினம். சிறிய ‘ஐ’ எழுத்தின் தலையில் ஓர் அடையாளம் இடும் வழக்கம் வேரூன்றியதற்கு இந்த இடர்ப்பாடே முக்கிய காரணம். இன்று நாம் எண்ணிப் பாராமல் இடும் அந்தப் புள்ளி, கரிய எழுத்து விட்டுச் சென்ற கொடையாகும்.

அச்சுக்கு வந்தமை

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யொஹான்னஸ் கூட்டன்பர்க் ஏறத்தாழ 1455இல் இலத்தீன் விவிலியத்தை அச்சிட்டு முடித்தபோது, அவர் புதிய எழுத்து எதனையும் படைக்க முற்படவில்லை. தேர்ந்த எழுத்தரின் கையெழுத்தை அப்படியே உலோகத்தில் வார்ப்பதே அவர் நோக்கம். அதற்காக ஏறத்தாழ 290 வகை அச்செழுத்துகளை அவர் செய்வித்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இலத்தீன் நெடுங்கணக்கோ முப்பது எழுத்தைக்கூட எட்டாதது. பின் ஏன் இத்தனை? ஒரே எழுத்தின் அகன்ற வடிவும் ஒடுங்கிய வடிவும், இரண்டு எழுத்துகள் ஒட்டிய கூட்டெழுத்துகளும், சொற்சுருக்கக் குறிகளும் இருந்தால்தான் ஒவ்வொரு வரியையும் இருபுறமும் ஒழுங்காக நிறுத்தமுடியும். 42 வரிகள் கொண்ட அப்பக்கங்களின் ஓரங்கள் நூல்பிடித்தாற்போல் இருப்பதன் மறைபொருள் இதுவே. ஏறத்தாழ 180 படிகள் அச்சிடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு.

இங்கிலாந்திலும் அச்சு இவ்வினத்து எழுத்தைக் கொண்டே தொடங்கியது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தபோது பயன்படுத்தியது கரிய எழுத்தின் ஒரு பிரிவையே. புகழ்பெற்ற ஜேம்ஸ் மன்னர் விவிலியம் 1611இல் முதன்முதலாக வெளிவந்தபோது, அதன் உரை கரிய எழுத்தில் இருந்தது. மூலத்தில் இல்லாது மொழிபெயர்ப்பாளர் பொருள் விளக்கத்துக்காகச் சேர்த்த சொற்கள் மட்டும் சிறிய ரோமன் எழுத்தில் இருந்தன. அன்றைய ஆங்கிலேயருக்குக் கரிய எழுத்துத்தான் இயல்பானது; இன்றைய ஆங்கில எழுத்தே வேறுபடுத்திக் காட்டும் எழுத்தாக இருந்தது!

நால்வகை வடிவங்கள்

கரிய எழுத்து ஒரே வடிவம் அன்று, ஒரு குடும்பம். அதன் முதன்மையான வகைகள் நான்கு.

முதலாவது ‘டெக்ஸ்டூரா’. நெய்த துணி என்னும் பொருள்தரும் சொல்லினின்று வந்த பெயர் இது. கருங்கோட்டின் தடிப்பும், கோடுகளுக்கிடையேயுள்ள வெண்மையின் அகலமும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் பக்கம் முழுவதும் துணிபோன்ற சீரான இழையமைப்புத் தோன்றும். ஒவ்வொரு கோட்டின் தலையிலும் காலிலும் சாய்சதுரக் கட்டி ஒன்று இருக்கும். கூட்டன்பர்க் பயன்படுத்தியது இதுவே. ஆங்கில நாடுகளில் ‘ஓல்டு இங்கிலீஷ்’ என்ற பெயரில் வழங்கும் அலங்கார எழுத்தும் இதன் வழிவந்ததே.

இரண்டாவது ‘ரொட்டுண்டா’. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வழங்கிய இவ்வகை, பெயருக்கேற்ப உருட்சி மிக்கது.

மூன்றாவது ‘ஷ்வாபாகர்’. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் எழுந்தது. அகன்று, எளிமையாக, மக்களின் கையெழுத்தை ஒட்டி அமைந்தது. மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1522இல் விட்டன்பர்க் நகரில் இவ்வெழுத்தில்தான் வெளிவந்தது.

நான்காவது ‘ஃபிராக்டூர்’. ‘முறிந்தது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் விருப்பப்படி 1513இல் அச்சான வழிபாட்டு நூலும், 1517இல் வெளிவந்த ‘தொயர்டாங்க்’ என்னும் காவியமும் இவ்வெழுத்துக்கு வழிவகுத்தன. நேர்க்கோடும் வளைகோடும் இதில் கலந்து வரும். தலையெழுத்துகளின் தொடக்கத்தில் சுருண்டு நீளும் வளைவு ஒன்று உண்டு. ஜெர்மானியர் அதனை ‘யானைத் துதிக்கை’ என்றே அழைக்கின்றனர். அப்பெயரின் பொருத்தத்தை நம்மவர் உடனே உணர்வர். இவ்வெழுத்து ஜெர்மன் மொழிக்கு மட்டுமன்றி, டேனிஷ், நார்வேஜியன், பின்னிஷ், எஸ்தோனியன், லாத்வியன் முதலிய மொழிகளின் அச்சுக்கும் நெடுங்காலம் பயன்பட்டது.

படிப்பதில் உள்ள நுட்பங்கள்

பழக்கமில்லாதவருக்கு ஃபிராக்டூர் ஒரு புதிர்போலத் தோன்றும். பெரிய ‘ஏ’ எழுத்து ‘யூ’போல இருக்கும், ‘பி’யும் ‘வி’யும் இரட்டைப் பிள்ளைகள், பெரிய ‘ஐ’க்கும் ‘ஜே’க்கும் ஒரே உருவம். ‘எஸ்’ எழுத்துக்கோ இரண்டு உருவங்கள். அசையின் முதலிலும் இடையிலும் நெடிய ‘எஸ்’ வரும். இறுதியில் உருண்ட ‘எஸ்’ வரும். நெடிய ‘எஸ்’ஸுக்கும் ‘எஃப்’ எழுத்துக்கும் உள்ள வேறுபாடு, நடுவிலுள்ள சிறு குறுக்குக்கோடு எப்பக்கம் நீள்கிறது என்பது மட்டுமே.

இத்தொல்லைகள் வீண் என்று எண்ணிவிடலாகாது. ஜெர்மன் மொழியில் இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவது இயல்பு. ‘வாக்’ என்பது காவல். ‘ஷ்டூபெ’ என்பது அறை. இரண்டும் சேர்ந்தால் காவலறை. ‘வாக்ஸ்’ என்பது மெழுகு. ‘டூபெ’ என்பது குழாய். இரண்டும் சேர்ந்தால் மெழுகுக் குழாய். ஒலிப்பு வேறாயினும், ரோமன் எழுத்தில் எழுதினால் இவ்விரண்டு சொற்களும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றாகவே தோன்றும். ஃபிராக்டூரிலோ, ‘எஸ்’ நெடியதாயின் அறையின் முதலெழுத்து, உருண்டதாயின் மெழுகின் இறுதியெழுத்து என்பது பார்த்த அளவிலேயே விளங்கும். அம்மொழியோடு பலநூறு ஆண்டு பழகியதால் எழுத்து பெற்ற நுட்பம் இது.

அச்சுக்கோப்பவரும் இவ்வெழுத்துக்கெனத் தனி மரபுகள் வைத்திருந்தனர். ரோமன் எழுத்தில் ஒரு சொல்லை அழுத்திக் காட்டச் சாய்வெழுத்து உண்டு. ஃபிராக்டூரில் சாய்வெழுத்து இல்லை. எனவே அழுத்திக் காட்டவேண்டிய சொல்லின் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டுக் கோத்தனர். ஆனால் ‘சிஎச்’, ‘சிகே’ போன்ற கூட்டெழுத்துகளை மட்டும் பிரிக்கமாட்டார்கள். இலத்தீன், பிரெஞ்சுச் சொற்கள் இடையில் வந்தால் அவற்றை ரோமன் எழுத்தில் கோப்பார்கள். ஆகவே ஒரு ஜெர்மன் நூலின் ஒரே வாக்கியத்தில் இருவகை எழுத்தும் கலந்து வருவது சாதாரணமாக இருந்தது.

இரண்டு எழுத்துகளின் வழக்கு

15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் பழைய நூல்களைத் தேடியபோது, கரோலிங்கியக் கையெழுத்தில் அமைந்த ஏடுகள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றைப் பழைய உரோமர் காலத்து எழுத்தாகக் கருதிப் பின்பற்றினர். அதனை அடியொற்றி நிக்கொலா ஜென்சன் 1470இல் வெனிஸ் நகரில் வார்த்த அச்செழுத்து, இன்றைய ரோமன் எழுத்துகளுக்கெல்லாம் முன்மாதிரியானது. ஆக, ரோமன் எழுத்தும் கரிய எழுத்தும் கரோலிங்கிய எழுத்து என்னும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஒன்று அந்நியம், மற்றொன்று சொந்தம் என்று பின்னாளில் எழுந்த வாதங்களுக்கு வரலாற்றில் இடமில்லை.

இத்தாலி முதலிலும், பிரான்சும் இங்கிலாந்தும் பின்னரும் ரோமன் எழுத்துக்கு மாறின. ஜெர்மனி மட்டும் ஃபிராக்டூரை விடவில்லை. நாளடைவில் அது ‘ஜெர்மன் எழுத்து’ என்றே பெயர் பெற்றது, நாட்டுப்பற்றின் சின்னமாயிற்று. ஆனால் ஜெர்மன் மொழியாராய்ச்சியின் தந்தையருள் ஒருவரான யாக்கோப் கிரிம் இக்கருத்தை ஏற்கவில்லை. இவ்வெழுத்து முன்பு ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக இருந்தது. ஜெர்மானியருக்கு மட்டும் உரியதன்று என்பது அவர் வாதம். அவரும் அவர் தம்பியும் தொகுக்கத் தொடங்கிய பெரிய ஜெர்மன் அகராதியின் முதல் தொகுதி 1854இல் ரோமன் எழுத்திலேயே வெளிவந்தது. 1911இல் ஜெர்மன் நாடாளுமன்றத்திலும் இவ்வழக்கு விவாதிக்கப்பட்டது. ரோமன் எழுத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்ற கோரிக்கை அங்கு ஏற்கப்படவில்லை.

1941ஆம் ஆண்டின் ஆணை

கரிய எழுத்தைக் கண்டவுடன் இன்று பலர் இட்லரின் நாஜிக் கட்சியை நினைக்கின்றனர். இதில் பாதியே உண்மை. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் தொடக்கத்தில் ‘ஜெர்மன் எழுத்தை’ உயர்த்திப் பிடித்தது உண்மைதான். வளைவுகளை நீக்கி, அணிவகுத்து நிற்கும் படைவீரர்போல விறைத்த புதிய வடிவங்கள் அக்காலத்தில் வார்க்கப்பட்டன. ‘டானன்பெர்க்’ என்பது அவற்றுள் ஒன்று. அவ்வகை எழுத்துகளுக்கு ஜெர்மன் அச்சுத் தொழிலாளர் இட்ட கேலிப் பெயர், போர்வீரர் அணியும் நெடுஞ் சப்பாத்தைக் குறிப்பது. யூதர்கள் நடத்திய பதிப்பகங்கள் ஃபிராக்டூரைப் பயன்படுத்தக் கூடாது என்று 1937இல் உத்தரவும் பிறந்தது.

ஆனால் 1941 ஜனவரி 3இல், இட்லரின் முடிவை அறிவித்து மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். கோதிக் எழுத்தை ஜெர்மன் எழுத்து எனக் கருதுவது தவறு. அது யூதர்களின் ஷ்வாபாகர் எழுத்தினின்று வந்தது. இனி ரோமன் எழுத்தே இயல்பான எழுத்து என்பது அதன் சாரம். நான்காண்டுகளுக்கு முன் யூதர்கள் தொடக்கூடாத அளவுக்கு ஜெர்மானியமாக இருந்த எழுத்து, இப்போது யூதர்களுடையது என்று தள்ளப்பட்டது! இக்குற்றச்சாட்டுக்கு வரலாற்றுச் சான்று எதுவும் இல்லை. ஷ்வாபாகர் எழுந்த காலத்து ஜெர்மன் அச்சுத்தொழில் கிறிஸ்தவர்களின் கையில் இருந்தது. அச்சுற்றறிக்கை எழுதப்பட்ட தாளின் தலைப்பில் கட்சியின் பெயர் கரிய எழுத்திலேயே அச்சாகியிருந்தது என்பதையும் வரலாற்றாசிரியர் சுட்டிக்காட்டுவர்.

உண்மைக் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அவ்வேளையில் ஜெர்மன் படை ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்தது. அடிமைப்பட்ட நாடுகளின் மக்களுக்கு ஜெர்மன் கட்டளைகள் விளங்க வேண்டுமாயின், அவை அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் இருக்கவேண்டும். ஆள்வோர் தம் வசதிக்காகச் செய்த மாற்றத்துக்கு இனப்பகைமைச் சாயம் பூசினர் என்பதே பொருந்தும்.

அவ்வாண்டிலேயே பள்ளிகளிற் கற்பித்த பழைய ஜெர்மன் கையெழுத்து முறைக்கும் முடிவு வந்தது. இது ஃபிராக்டூர் அச்செழுத்தினின்று வேறானது. கூரிய கோடுகளால் விரைந்து எழுதும் கையெழுத்து. போர் முடிந்து நாஜி ஆட்சி வீழ்ந்த பின்னும் பழைய எழுத்துகள் தம் இடத்தை மீண்டும் பெறவில்லை. இதன் விளைவை வீடுதோறும் உணரலாயினர். பாட்டனார் போர்க்களத்திலிருந்து எழுதிய கடிதமும், பாட்டியார் சமையற் குறிப்பு எழுதிவைத்த ஏடும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, மொழியும் தாய்மொழிதான், பேரப்பிள்ளைகளுக்கோ ஒரு வரியும் ஓடவில்லை. இத்தகைய கடிதங்களைப் படித்து இன்றைய எழுத்தில் பெயர்த்துக் கொடுப்பதற்கென்றே, பழைய எழுத்தறிந்த முதியோர் கூடித் தொண்டாற்றும் குழுக்கள் ஜெர்மனியில் உண்டு. போரில் எரியாமற் பிழைத்த ஏடுகளையும் ஓர் ஆணை ஊமையாக்கிவிட்டது.

முகப்பில் நிலைத்த எழுத்து

உரையினின்று நீங்கிய கரிய எழுத்து தலைப்பில் நிலைத்தது. அலங்காரத்துக்கு அது வாய்ப்பாக அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. பக்கத்தின் மற்றைய எழுத்துகளினின்று அது தெளிவாக வேறுபட்டு நிற்கிறது. அடர்ந்த கருமையால் தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கிறது. அதன் சிக்கலான வடிவம் முத்திரைபோல் மனத்திற் பதிகிறது. பழமையையும் நம்பகத்தையும் சொல்லாமற் சொல்கிறது. பல நாளேடுகள் அதனை விடாததன் காரணம் இவையே. ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் பெயருக்குப் பின்னிருந்த முற்றுப்புள்ளியை 1967இல் நீக்கியதே தவிர, எழுத்தை நீக்கவில்லை. இலண்டன் ‘டைம்ஸ்’ ஏடோ 1932இல் உரையெழுத்தை மாற்றியபோது முகப்பிலிருந்தும் கரிய எழுத்தை அகற்றி ரோமனுக்கு மாறியது. ‘ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனெ’ 2007 வரை கருத்துரைகளின் தலைப்புகளையும் இவ்வெழுத்தில் அச்சிட்டுவந்தது. அதன்பின் முகப்புப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டது.

இவற்றுள் ‘லெ மோந்த்’ ஏட்டின் வரலாறு சிந்திக்கத்தக்கது. பாரிஸ் நகரம் ஜெர்மானியரிடமிருந்து விடுபட்ட அதே 1944ஆம் ஆண்டின் டிசம்பர் மாதம் அது தோன்றியது. தோன்றும்போதே பெயர் கரிய எழுத்தில் இருந்தது. நான்காண்டு ஜெர்மன் படையின்கீழ்த் துன்புற்ற மக்கள், அவ்வெழுத்தைப் பகைவரின் எழுத்தாகக் கருதி ஒதுக்கவில்லை. அவர்களுக்கு அது பழைய, மதிப்புக்குரிய பத்திரிகைகளின் எழுத்து, அவ்வளவே.

பிற துறைகளிலும் இவ்வெழுத்து வாழ்கிறது. பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ்கள், ஆங்கிலச் சட்டப் பத்திரங்களின் தொடக்கச் சொற்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்கள், மதுப்புட்டிகளின் மேலொட்டும் தாள்கள் ஆகியவற்றில் இதனைக் காணலாம். 1970களில் எழுந்த முரட்டு இசைக்குழுக்கள் அச்சுறுத்தும் தோற்றத்துக்காக இதனை எடுத்துக்கொண்டன. 1977இல் வெளிவந்த ‘மோட்டார்ஹெட்’ குழுவின் இசைத்தட்டு உறை இதற்கொரு சான்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மெக்சிகோ வழிவந்த மக்களிடையே இது சுவரெழுத்தாகவும் பச்சைகுத்தும் எழுத்தாகவும் வேரூன்றியது. சான்றிதழில் கண்ணியம், பாட்டுக்காரரிடம் முரட்டுத்தனம், பச்சைகுத்தியவர் கையில் குடும்பப் பெருமை. எழுத்து ஒன்றே, பொருள் மூன்று.

ஒரு துறையில் மட்டும் அது அலங்காரமாக அன்றி உழைக்கும் எழுத்தாகவே இருக்கிறது. அதுவே கணிதம். சாதாரண எழுத்துகளுக்கெல்லாம் வேறு பொருள்கள் கொடுத்துவிட்ட கணித அறிஞர்கள், லீ இயற்கணிதம் போன்ற கருத்துகளைக் குறிக்க ஃபிராக்டூர் எழுத்துகளை இன்றும் எழுதுகின்றனர். அமெரிக்காவின் ஆமிஷ் சமயத்தாரும் தம் பழைய ஜெர்மன் பாடல் நூலை இவ்வெழுத்தில் அச்சிட்டுப் பாடி வருகின்றனர்.

பயன்படுத்துவோர் அறியவேண்டுவன

கடைப் பெயர்ப்பலகையிலோ அழைப்பிதழிலோ இவ்வெழுத்தை அமைக்க விரும்புவோர் மூன்று விதிகளை நினைவிற் கொள்வது நன்று.

முதலாவது, ஒரு சொல் முழுவதையும் பெரிய எழுத்தால் அமைக்கக் கூடாது. கரிய எழுத்தின் தலையெழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் தனித்து நின்று அழகுசெய்யப் படைக்கப்பட்டவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் கோடுகள் பின்னிக்கொண்டு, எவரும் படிக்கவியலாத சிக்கலாகிவிடும்.

இரண்டாவது, தலைப்பில் எழுத்துகளைப் பரப்பி வைக்கக் கூடாது. நெருக்கமே இவ்வெழுத்தின் உயிர். கோடும் வெண்மையும் மாறிமாறி வரும் ஒழுங்கைக் குலைத்தால் துணியிலிருந்து நூல் பிரிந்தாற்போலாகும். பழைய ஜெர்மானியர் அழுத்தத்துக்காக இடைவெளி விட்டனர் எனில், பக்கத்தின் எஞ்சிய பகுதி நெருங்கியிருந்ததால்தான் அது எடுபட்டது.

மூன்றாவது, சில சொற்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பெயர், ஒரு தலைப்பு, ஒரு வாழ்த்து. இவ்வளவே இன்றைய கண் ஏற்கும். முகவரியும் தொலைபேசி எண்ணும் சாதாரண எழுத்தில் இருப்பதே பயனுடைத்து. இதனைக் கரிய எழுத்தின் குறை என்று கூறலாகாது; மனிதர் தமக்குப் பழகியதையே எளிதாகப் படிப்பர். ஒரு காலத்து ஜெர்மன் உழவர் இதே எழுத்தில் பஞ்சாங்கமும் விவிலியமும் நாளேடும் விளக்கொளியில் படித்தார்.

தமிழோடு உள்ள தொடர்பு

இவ்வெழுத்தைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தொலொமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மன் பாதிரியார் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றார், நூல்கள் தொகுத்தார். தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்தன. அவர் பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கு அச்சேறி முடிந்தது. தமிழ் எழுத்து அதற்கு முன்னரே, 1578இல் கொல்லத்தில் அச்சேறியது உண்மையாயினும், தரங்கம்பாடி அச்சகம் தமிழ் நூல் வெளியீட்டில் ஒரு பெருந்திருப்பம்.

அவரும் அவர்பின் வந்தோரும் தமிழ்நாட்டு மக்கள், சமயம், மருத்துவம், பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பற்றித் தம் நாட்டுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் ஹாலே நகரில் தொடர்ந்து அச்சாயின. அவை வெளிவந்தது ஃபிராக்டூர் எழுத்தில். தமிழ் அச்செழுத்து வார்த்த அதே ஊரில், தமிழரைப் பற்றிய செய்திகள் கரிய எழுத்தில் கோக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமுதாயத்தை ஆராய்வோர்க்கு அவ்வறிக்கைகள் பெரும் புதையல். ஆனால் ஜெர்மன் மொழி கற்றால் மட்டும் அப்புதையல் திறவாது. அச்சுப் பிரதிகளுக்கு ஃபிராக்டூரும், கையெழுத்துப் படிகளுக்குப் பழைய ஜெர்மன் கையெழுத்தும் பயிலவேண்டும். கணினியைக் கொண்டு பழைய நூல்களை எழுத்துவடிவில் மாற்ற முயன்றபோதும் இத்தடை குறுக்கிட்டது. ரோமன் எழுத்துக்குப் பழகிய கணினி, நெடிய ‘எஸ்’ஸையெல்லாம் ‘எஃப்’ என்று படித்தது. பின்னர் அதற்கெனத் தனியே பயிற்சி கொடுக்க வேண்டியதாயிற்று.

பாடம் இதுதான். கல்லிலோ ஈயத்திலோ வெட்டிய கோட்டுக்கு இயற்கையாக ஒரு சாதியும் இல்லை, கட்சியும் இல்லை. இத்தாலியர் அதனைக் காட்டுமிராண்டியது என்றனர். ஜெர்மானியர் தேசியச் சொத்து என்றனர். நாஜிகள் யூதருடையது என்றனர். இன்றைய மக்கள் நாஜிகளுடையது என்கின்றனர். நான்கும் எழுத்தின்மேல் மனிதர் ஏற்றிய சுமைகளே. எழுத்தை மாற்றுவது தவறென்று எவரும் கூறார். கரிய எழுத்தே ஒரு மாற்றத்தின் விளைவாகப் பிறந்ததுதான். எளிமை வேண்டி மாற்றுவது வளர்ச்சி. ஆனால் பழையதைப் படிக்கும் திறனை அடுத்த தலைமுறைக்குச் சிறிதேனும் கற்பித்துவிட்டு மாற்றவேண்டும். ஃபிராக்டூரை அறிந்துகொள்ள ஆர்வமுள்ள ஒருவருக்குச் சில நாட்பயிற்சி போதும். அச்சில நாட்களைச் செலவிடுவார் இல்லாதபோதுதான், நாலைந்து நூற்றாண்டு நூல்கள் நூலகத்தில் இருந்தும் இல்லாதனவாகின்றன.